முதலில் நிலம், பிறகுதான் செங்கல்



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். கேமரன் மலையில் வீடு கட்ட நினைப்பவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'அனுமதி வாங்கிப் பார்!'

தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமமான நிலம் என்று பொருள். சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு இப்படி ஒரு பெயர்! இந்த மலையில் சமநிலம் அவ்வளவு அபூர்வம். மற்றதெல்லாம் சரிவு. அந்தச் சரிவில்தான் 1929-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்தச் சரிவில்தான் தமிழர்களின் மூன்று தலைமுறை உழைப்பும் இருக்கிறது.

ஆனால் தோட்ட வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்கு முதுமையில் ஒரே ஆசை, சொந்தமாக நாலு சுவர். சேமநிதிப் பணம் கையில் இருக்கிறது. 'நிலம் இருக்கிறது, முன்பணம் கொடுங்கள்' என்று ஒருவர் வருகிறார். வெள்ளைத் தாளில் கையெழுத்து. மறுவாரம் செங்கல் இறங்குகிறது. மாவட்ட மன்றத்திலிருந்து அறிவிப்புக் கடிதம் வரும்போதுதான் கண் விழிக்கிறது.

தவறு எங்கே? வீட்டுப் படத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். கட்டட அனுமதி மாவட்ட மன்றத்தின் அதிகாரம். இரண்டும் வெவ்வேறு வாசல்கள். முதல் வாசலைத் தாண்டாமல் இரண்டாவது வாசலைத் தட்டுவதுதான் மக்கள் செய்யும் தவறு.

முதல் வாசல் நில அலுவலகம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த நிலத்துக்குக் கிராண்ட் இருக்கிறதா? அது யார் பெயரில் இருக்கிறது? அதில் விவசாயம் என்று எழுதியிருக்கிறதா, கட்டடம் என்று எழுதியிருக்கிறதா?

கிராண்டுக்குப் பதில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது டி.ஓ.எல். மட்டும் இருந்தால் உஷாராக வேண்டும். அந்த உரிமம் அந்த ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. பிள்ளைகளுக்குச் சொத்தாக விட முடியாத மண்ணில் ஆயுள் சேமிப்பைப் போட்டுக் கல்வீடு கட்டலாமா?

கிராண்ட் இருந்து, அது விவசாய நிலமாக இருந்தால்? பத்துப் பேர் சேர்ந்து வாங்கி ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒவ்வொரு பகுதியும் 0.4 ஹெக்டருக்கு, ஏறத்தாழ ஓர் ஏக்கருக்கு, குறையக் கூடாது என்பது தேசிய நிலச் சட்டத்தின் பொது விதி. சிறு மனைகளாகப் போட வேண்டுமென்றால் நிலத்தின் வகையை மாற்ற மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

இரண்டாவது வாசல் மாவட்ட மன்றம். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதி. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி கட்டட வரைபட அனுமதி. வரைபடத்தைப் பதிவு பெற்ற கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வரைவாளரோதான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு குடியேறுவதற்கான சான்றிதழில் கையெழுத்திடுபவரும், 2007 முதல், அந்த நிபுணர்தான். திட்ட அனுமதி இல்லாமல் மேம்பாட்டு வேலையைத் தொடங்கினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

"ஏழை ஒரு கூரை போடுவதற்கு இத்தனை சட்டமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலை மலையிடம் கேட்க வேண்டும்.

1993 டிசம்பர் 11, உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டனர். 2022 டிசம்பர் 16, பத்தாங் காலியில் மண்சரிவு. கூடாரங்களில் உறங்கிய 31 பேர் பலி. விவசாயத்துக்கு அனுமதி இருந்தது, கூடார முகாமுக்கு உரிமம் இல்லை என்று அமைச்சரே சொன்னார். 2024 ஜனவரி 26, இதே கேமரன் மலையின் புளூ வேலியில் மண் சரிந்து மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் புதைந்தனர். மண்ணுக்குள் போனவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். யாரோ படுக்கச் சொன்ன இடத்தில் படுத்தவர்கள்.

சரிவின் பாகையை அளப்பதும், மழைநீர் எங்கே போகும் என்று கேட்பதும் அந்த உயிர்களுக்காகத்தான். ஆக, சட்டம் ஏழைக்கு எதிரி அல்ல. சட்டம் ஏழைக்குப் புரியாத இடத்தில் இருப்பதுதான் எதிரி. நிபுணருக்குக் கட்டணம், மண் ஆய்வுக்குக் கட்டணம், பல முறை அலைச்சல். வசதி உள்ளவர் ஆள் வைத்துச் செய்கிறார். இல்லாதவர் இரவோடு இரவாகத் தகரம் அடிக்கிறார்.

இதை மாற்ற அதிகாரிகள் ஒன்று செய்யலாம். சிறு வீடு கட்டுவோருக்கான படிகளை ஒரே பக்கத்தில், எளிய மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் அச்சடித்து வைக்கலாம். சமூக இயக்கங்கள் ஒன்று செய்யலாம். கோவில் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தில் ஒரு மேசை போட்டு, கிராண்டை வாசித்துச் சொல்ல விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வைக்கலாம்.

மக்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குத்தகைக்காரருக்கு ஒரு வெள்ளி கொடுப்பதற்கு முன், நில அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் செலுத்திக் கிராண்ட் விவரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் சரி. அந்த ஒரு நாள் அலைச்சல், முப்பது வருட வியர்வையைக் காப்பாற்றும்.