கிட்டாருக்குக் கார் பெயிண்ட்: எந்த டப்பாவை வீட்டுக்குக் கொண்டு வரலாம்?

நாள் முழுக்க கோட் எழுதுறவன், இன்னைக்கு வேற கோட் பத்திப் பேசப்போறேன். பெயிண்ட் கோட்.

பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒண்ணை, வீட்லயே கார் பெயிண்ட் அடிச்சுப் புதுசாக்க முடியுமா? முடியும். ஆனா கார் பெயிண்ட்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணை மொட்டை மாடியில அடிக்கலாம். இன்னொண்ணை அங்க அடிக்கவே கூடாது. இன்னைக்கு எபிசோட்ல நீங்க ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலும், அது இதுவா இருக்கட்டும்.

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1920களுக்கு முன்னாடி ஒரு காருக்குப் பெயிண்ட் அடிச்சு முடிக்க வாரக்கணக்குல ஆகும். 1923ல அமெரிக்காவோட டுபாண்ட் கம்பெனி, டியூகோன்னு ஒரு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் கொண்டு வந்தாங்க. சட்டுனு காயும், கலரும் நிறைய. 1950கள்ல கலிஃபோர்னியாவுல கிட்டார் செஞ்சுக்கிட்டிருந்த ஃபெண்டர் அதே டப்பாவைத்தான் எடுத்தாங்க. கூட 5 சதவீதம் கொடுத்தா, கேட்ட கலர்ல கிட்டார் கிடைக்கும். ஃபியஸ்டா ரெட்ங்கிறது 1956 ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரோட சிவப்பு. லேக் பிளாசிட் புளூ, 1958 கேடிலாக் காரோட நீலம். அதனால கிட்டாருக்குக் கார் பெயிண்ட் அடிக்கிறது நம்ம ஊர் ஜுகாட் இல்ல. அசலே அதுதான்.

நம்ம பெயிண்ட் கடையிலயும், ஃபர்னிச்சர் வேலை செய்யறவங்ககிட்டயும் டியூகோன்னு சொன்னா இன்னைக்கும் புரியும். நூறு வருஷப் பேரு, அப்படியே நிக்குது.

சிக்கல் எங்கன்னா, டிங்கரிங் கடைகள்ல இப்போ காருக்கு அடிக்கிற கிளியர் கோட் அந்தப் பழைய லேக்கர் இல்ல. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறைக்கு என் கிட்டார் பாடியைத் தூக்கிட்டுப் போனேன். அந்த அண்ணன் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "டூ-கே அடிச்சுரலாம் தம்பி, நாளைக்கே கல்லு மாதிரி ஆயிடும்"னார். சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பக்கத்துல ஒரு கார் கதவுக்கு அதைத்தான் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. அடிச்ச பையன் மூஞ்சில ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான்.

டூ-கேன்னா ரெண்டு பொருள். பெயிண்ட் ஒண்ணு, அதுல கலக்குற ஹார்ட்னர் ஒண்ணு. அந்த ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. பிரிட்டன்ல வேலையால வர்ற ஆஸ்துமாவுக்குப் பல வருஷமா முக்கியக் காரணம் இதுதான். வாகனங்களுக்கு ஸ்ப்ரே அடிக்கிறவங்கதான் அதுல அதிகம் மாட்டுறாங்க. இதுல ரெண்டு விஷயம் பயமுறுத்துது. ஒண்ணு, ஆபத்தான அளவுக்குக் காத்துல கலந்திருந்தாலும் வாசனை தெரியாது. மாஸ்க்கோட ஃபில்டர் தீர்ந்துபோனாலும் நமக்குத் தெரியாது. அதனாலதான் வெளியிலேர்ந்து குழாய் வழியா நல்ல காத்து வர்ற மாஸ்க் வேணும்ங்கிறாங்க. ரெண்டாவது, உடம்பு ஒரு தடவை இதுக்கு அலர்ஜி ஆயிடுச்சுன்னா, அப்புறம் கொஞ்சமே பட்டாலும் மூச்சு இழுக்கும். நம்ம ஊர்ல சுவரோட சுவரா வீடு. நம்ம மாடியில அடிக்கிறது பக்கத்து வீட்டுப் பாட்டி ரூமுக்குள்ளயும் போகும்.

அதனால வீட்டுக்கு ஒன்-கே மட்டும். அதாவது என்.சி. லேக்கர், இல்லன்னா பைக் டச்-அப்புக்கு விக்கிற அக்ரிலிக் ஸ்ப்ரே. அடியில பட்டனை அழுத்தி ஹார்ட்னரைத் திறந்துவிடுற ஸ்ப்ரே டப்பாவும் வருது. அதுவும் டூ-கேதான், ஏமாறாதீங்க. ஒன்-கேயும் பரம சாது கிடையாது. தின்னர் ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும். துணி மாஸ்க், என்95 ரெண்டும் ஆவியைத் தடுக்காது. சட்டுனு தீப்பிடிக்கும்ங்கிறதால அடுப்பு, சாமி விளக்கு, சிகரெட் எதுவும் கிட்ட இருக்கக்கூடாது.

இனி வேலை. கம்பி, கழுத்து, பிக்கப், பிரிட்ஜ் எல்லாத்தையும் கழட்டுங்க. வயரிங்கைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்துக்கோங்க. பழைய ஃபினிஷ் உறுதியா இருந்தா மரம் வரைக்கும் சுரண்டாதீங்க. 400 நம்பர் பேப்பர்ல பளபளப்பை மட்டும் எடுத்தா, அதுவே நல்ல பேஸ். அடிபட்ட இடத்துல பட்டி பார்த்து, பிரைமர் அடிச்சு, 600 வாட்டர் பேப்பர்ல தேய்க்கணும். கழுத்து உட்கார்ற பள்ளத்துல டேப் ஒட்டி மூடிட்டு, கழுத்து ஸ்க்ரூ வர்ற ஓட்டையில ஒரு ரீப்பர் கட்டையை முடுக்குங்க. பிடிக்கவும் தொங்கவிடவும் அதுதான் கைப்பிடி.

ஒரு ஜாண் தூரத்துலேர்ந்து, மெல்லிசா மூணு நாலு கோட் கலர். அதுக்கு மேல ஆறேழு கோட் கிளியர், ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேண்டாம். ஒரே கோட்ல மூடணும்னு நினைச்சா வழியும். சாதாரண எனாமல் பெயிண்ட் மேல லேக்கர் அடிச்சா தோல் மாதிரி சுருங்கிடும். அதனால பிக்கார்டுக்கு அடியில மறையுற இடத்துல முதல்ல சோதிச்சுப் பாருங்க.

பாண்டிக்குன்னே ஒரு வில்லன் இருக்கார். ஈரம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். லேக்கர் பால் மாதிரி வெளுத்துடும். ஐப்பசி, கார்த்திகை மழையில தொடவே வேண்டாம். தை முடிஞ்சு, பனி விலகின காலையில பத்து மணிக்கு மேல, கடல்காத்து ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். 70 சதவீதத்தைத் தாண்டினா அன்னைக்கு லீவு.

கடைசி கோட் முடிஞ்சதும்தான் உண்மையான சோதனை. மூணு, நாலு வாரம் சும்மா தொங்கவிடணும். மூக்குக்கிட்ட கொண்டு போனா தின்னர் வாசனை துளியும் வரக்கூடாது. அப்புறம்தான் 1000, 1500, 2000 வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். டூ-கே ஒரே நாள்ல கொடுக்கிற பளபளப்புக்கு, ஒன்-கே ஒரு மாசம் கேக்குது. நுரையீரலை முன்னால வச்சுப் பாத்தா இது மலிவான விலை.

இன்னும் மூணு விஷயம். சவுண்டு மாறுமான்னு கேப்பீங்க. கெட்டியான எலக்ட்ரிக் பாடியில காதுக்குத் தெரியற அளவுக்கு மாறாது. அகூஸ்டிக் கிட்டாரோட முன்பலகைல மட்டும் கை வைக்காதீங்க, கனமான பெயிண்ட் அதிர்வை அமுக்கிடும். நிஜமான பழங்காலக் கிட்டார் கையில இருந்தா அதையும் தொடாதீங்க, விலை விழுந்துடும். மிச்ச தின்னரை வாய்க்கால்ல ஊத்தாதீங்க. பெரிய வாய்க்கால் நேரா கடலுக்குப் போகுது.

டூ-கேதான் வேணும்னா, பூத்தும் காத்து வர்ற மாஸ்க்கும் இருக்கிற பட்டறையாப் பாத்துக் கொடுங்க. நாம அடிக்கிறது ஒரு கிட்டார். கைக்குட்டை கட்டின அந்தப் பையன் தினமும் அடிக்கிறான். பைக்கோ காரோ பெயிண்டிங்குக்கு விடும்போது, ரேட் கேக்குற மூச்சுலயே மாஸ்க் பத்தியும் கேளுங்க. நாலு கஸ்டமர் கேட்டா முதலாளி யோசிப்பார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.