மூட்டு மாற்றினால் மட்டும் போதுமா?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



குறுவை, சம்பா என்று சேற்றில் நின்று நட்ட கால்கள் நம்முடையவை. மூட்டு தேய்ந்து, வலி தாங்காமல் நம்மில் பலர் மாற்று ஆபரேஷன் செய்துகொள்கிறோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. குழுவில் கடன் கேட்பதற்கு முன்னால் அட்டையை எடுத்துக்கொண்டு தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம். "மூட்டு மாத்தியாச்சு, ஆனா படி இறங்கினா கால் மடங்குதே, ஆபரேஷன் தப்பாப் போச்சா?" என்று கேட்கிறோம். பெரும்பாலும் அப்படி இருக்காது. டாக்டர் மாற்றுவது எலும்பின் முனையை. முழங்காலை நீட்டி நம்மைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் அந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடந்ததில் அது முன்பே இளைத்திருக்கும். ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் இருந்த பலத்திலும் பாதிக்கு மேல் போய்விடும். வண்டிக்குச் சக்கரம் புதுசு, மாடு மெலிஞ்சு கிடக்கு!

அந்த நேரத்தில் "ஆடாம அசையாம படு" என்று வீட்டில் பாசமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் தசை இன்னும் கரையும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுத்தால் கால் நீட்ட வராமல் போகும். காலை நீட்டி, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். மற்றதை பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சிலவற்றுக்குப் பொறுக்கவே கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே 108. புண்ணில் சீழ், காய்ச்சல் என்றால் மருந்துக் கடை மாத்திரையோடு நிற்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். பாதத்தைத் தூக்க முடியாவிட்டால் நரம்பு பாதித்திருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனம்.

நாம் பாயில் உட்கார்ந்து கூட்டம் போடுகிறவர்கள். ஆபரேஷன் ஆனவர் வந்தால், கேட்கும்வரை காத்திராமல் நாற்காலி போடுங்கள். வர முடியாதவர் வீட்டுக்கு முறை வைத்து இரண்டு பேர் போய், பக்கத்தில் இருந்து பயிற்சி செய்ய வையுங்கள். அடுத்த கூட்டத்தில் யார் யார் போனீர்கள் என்று கேட்போம்.