செவிலியர்க்கு ஒரு விருது



"மகளைச் செவிலியர் படிப்பிற்கு அனுப்புங்கள்" என்று நம் பெற்றோரிடம் கூறும்போதெல்லாம் ஒரு விடை வருகிறது. "பிறர் அழுக்கைத் தொட்டு நம் பாட்டன் பூட்டன் பட்டது போதாதா, ஐயா?" என்கின்றனர். அவ்வினாவில் நியாயமில்லை என்று நான் கூறமாட்டேன். எனினும் அதனை எண்ணியே இன்று ஒரு விருதைப் பற்றிப் பேச வந்தேன்.

அமெரிக்க இதயச் சங்கம் 1924ஆம் ஆண்டில் மருத்துவர்களால் தோற்றுவிக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டில் மார்த்தா ஹில் என்னும் அம்மையார் அதன் தலைவரானார். செவிலியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. அச்சங்கத்தின் இதய, பக்கவாதச் செவிலியர் மன்றம், ஆராய்ச்சியில் புதிதாய் அடியெடுத்து வைப்போர்க்கு அவர் பெயரால் விருது வழங்குகிறது.

அவ்வம்மையார் செய்தது யாது? பால்டிமோர் நகரின் கருப்பின ஆண்களிடையே இரத்தக் கொதிப்பு மிகுதி. மருத்துவம் பெறுவோரோ குறைவு. "அக்கறையற்றவர்கள்" என்று ஒதுக்கிவிடுவது எளிது. நம்மைப் பற்றியும் அப்படிச் சொல்லக் கேட்டவர்கள்தாமே நாம்! அவரும் அவர்தம் குழுவினரும் 21 முதல் 54 வயது வரையுள்ள 309 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு அறிவுரையும், மருத்துவம் கிடைக்குமிடம் பற்றிய வழிகாட்டலும் மட்டுமே. மற்றப் பிரிவினர்க்குச் செவிலியர், சமூக நலப்பணியாளர், மருத்துவர் மூவரும் கூடிய கவனிப்பு, விலையில்லா மருந்து, வீடு தேடி வருதல். 36 மாதங்களுக்குப் பின் கொதிப்பு கட்டுக்குள் இருந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 31; இரண்டாம் பிரிவில் 44. இம்முடிவு 2003இல் வெளியாயிற்று.

நாற்பத்து நான்கு என்பது பாதிகூட இல்லையே எனக் கணக்காசிரியர் கேட்பார். உண்மைதான். ஆனால் குறை அம்மக்களின் குணத்தில் மட்டும் இல்லை, அவர்களிடம் மருத்துவம் சென்று சேர்ந்த முறையிலும் இருந்தது என்பதை அந்த எண் காட்டிவிட்டது. கையில் பட்டையைக் கட்டிக் கொதிப்பை அளப்பது தொடும் வேலை. இவர் ஏன் வரவில்லை எனக் கேட்டு, விடையை அளந்து எழுதுவது அறிவின் வேலை. விருது இப்பிற்கூறிய வேலைக்கே. நம் முன்னோர்க்கு முதல் வேலையை மட்டும் தந்து, இரண்டாவதை மறுத்தனர். கொடுமை அங்கேதான் இருந்தது.

கருப்பினச் செவிலியர்கள் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1879இல் பாஸ்டனில் பயிற்சி முடித்த அவ்வினத்தின் முதற்செவிலியர் மேரி மகோனி பெயரால், 1936இலேயே தமக்கென ஒரு விருதை அவர்கள் நிறுவிக்கொண்டனர். பிறர் பாராட்டும் வரை காத்திருக்கவில்லை.

நம் பிள்ளைகளுக்கு வழி இதுதான். பி.எஸ்.ஸி. செவிலியம் நான்காண்டு, எம்.எஸ்.ஸி. இரண்டாண்டு. மேற்படிப்பில் இதய நோய்ச் செவிலியத்தைத் தனிப் பிரிவாகவே பயிலலாம். அதன்பின் முனைவர் ஆய்வும் உண்டு. நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர்க்கு நூற்றுக்கு 18 இடங்கள் உள்ளன. ஆனால் பதினோராம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுக்காத மாணவிக்கு அக்கதவு திறவாது. இவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண்ணின் பெற்றோர், பாடப்பிரிவுப் படிவத்தில் கையொப்பமிடுமுன் அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.