இரண்டு பக்கமும் ஒரே முகம்



அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. பேத்திக்காக ஆரம்பித்த குரோஷா போர்வை பாதியில் நின்றது. "இன்ஜினியர்தானே, நீயே முடிச்சுக் குடுடா" என்றார்.

பின்னல் எளிதுதான். ஒரு குட்டைக் கண்ணி, ஒரு நெட்டைக் கண்ணி என்று மாறி மாறி வரவேண்டும். அடுத்த வரிசையில் குட்டையின் மேல் நெட்டை, நெட்டையின் மேல் குட்டை. கண்ணிகள் இரட்டைப்படையில் இருந்தால் ஒவ்வொரு வரிசையும் குட்டையில் தொடங்கி நெட்டையில் முடியும். எலுமிச்சைத் தோல் மாதிரி சொரசொரப்பு வரும். ஆங்கிலத்தில் பெயரே லெமன் பீல்.

மூன்றாம் வரிசையில் குட்டைக்குப் பதில் நெட்டை போட்டது எட்டாம் வரிசையில்தான் கண்ணில் பட்டது. "அதைப் பின்பக்கமா வெச்சுக்கலாம்மா" என்றேன். அம்மா திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. ஒளிக்கப் பின்பக்கமே இல்லை! ஊசியை உருவி நூலை இழுத்தேன். ஆறு வரிசை நிமிஷத்தில் போச்சு.

அன்றுதான் சைட்டில் ஒரு தூணில் கான்கிரீட் நிறையாமல் பொத்தல் விழுந்திருந்ததைப் பூசிவிடச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக, "பூசாதீங்க, கொத்தி ஆழம் பார்ப்போம்" என்றேன்.

தம்பி தங்கைகளே, பிரிக்கிற நேரம் வீணல்ல.