இறுகிய டயரும் எளிய கணக்கும்



சைக்கிள் சக்கரத்தில் டயர் மாட்டுவதைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சா என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். தெருமுனையில் உள்ள பஞ்சர் கடைக்காரர் அன்றாடம் செய்கிற வேலைதானே என்றும் கேட்கக்கூடும். ஆனால், வட்டத்தின் சுற்றளவு என்று நீங்கள் வகுப்பறையில் படித்த சூத்திரம், புத்தகத்தை விட்டு வெளியே வந்து உங்கள் விரல்களுக்கு உதவி செய்கிற இடங்களுள் அதுவும் ஒன்று. ஆதலால்தான் அதனை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். எனினும் அது அன்று பரவவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், அதே கருத்தைத் தாமாகவே கண்டு சைக்கிளுக்குப் பயன்படுத்தினார். அக்காலத்து டயர் சக்கரத்தோடு பசையிட்டு ஒட்டப்பட்டது. முள் தைத்தால் அதைப் பிரிப்பதும், மீண்டும் ஒட்டி உலர்த்துவதும் பெரும்பாடு. 1890-இல் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்னும் ஆங்கிலேயர் இதற்கு வழி கண்டார். டயரின் இரண்டு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம் ஒன்றை வைத்தார். அதனை ஏற்கும் ரிம்மின் நடுவே ஒரு பள்ளத்தையும் அமைத்தார். பசையில்லாமலே டயர் நின்றது. வேண்டும்போது கழன்றும் வந்தது.

அந்தக் கம்பியும் அந்தப் பள்ளமும் இன்றும் நம்மோடு இருக்கின்றன. 1999-இல் மலைப்பாதைச் சைக்கிள்களுக்கு டியூப் இல்லாத டயர் முறை ஒழுங்குபடுத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் அது சாலைச் சைக்கிள்களுக்கும் பரவியது. இவ்வகை டயரில் காற்றைத் தாங்குவதற்கு டியூப் இல்லை. டயரின் ஓரமே ரிம்மோடு காற்றுப் புகாதபடி ஒட்டி நிற்கவேண்டும். ஆகவே அது இறுக்கமாகவே செய்யப்படுகிறது. இரும்புக் கம்பிக்குப் பதிலாக, எளிதில் நீளாத அரமிட் இழையை ஓரத்தில் வைப்பதும் உண்டு. வீட்டில் மாட்ட முனைபவர்கள் திகைப்பது இந்த இறுக்கத்தைக் கண்டுதான். முக்கால் பாகம் எளிதில் ஏறிவிடும். கடைசி நான்கு விரற்கடை மட்டும் ஏற மறுக்கும். உடனே திருப்புளியை எடுத்து நெம்புகிறோம். ரிம்மில் கீறல் விழுகிறது. உள்ளே ஒட்டிய ரிம் டேப் கிழிகிறது. விரல் முட்டியில் தோல் உரிகிறது. டயரோ அசைவதில்லை.

இங்கேதான் கணக்கு வருகிறது. பத்தாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டியிருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் நீளம் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதனை எல்லா இடத்திலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயர்த்த வேண்டுமானால், எவ்வளவு கயிறு கூடுதலாக வேண்டும்? பிள்ளைகள் ஆயிரம் கிலோமீட்டர் என்பார்கள், நூறு என்பார்கள். விடை ஆறேகால் மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆரம் ஒரு மீட்டர் கூடினால் சுற்றளவு 6.28 மீட்டர் கூடும். வட்டம் பூமியாயினும் மோதிரமாயினும் இந்த அளவு மாறாது.

இதையே திருப்பிப் பாருங்கள். சாலைச் சைக்கிளின் ரிம்மில் டயர் ஓரம் அமரும் படியின் விட்டம் 622 மில்லிமீட்டர். அதன் சுற்றளவு 1,954 மில்லிமீட்டர். நடுப்பள்ளம் அந்தப் படியைவிட 3 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் ஓரம் படியில் அமராமல் பள்ளத்தில் இறங்கிக் கிடந்தால், அதற்குத் தேவையான சுற்றளவு 1,935 மில்லிமீட்டர்தான். ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் மிச்சம்! அந்தத் தளர்ச்சியை எல்லாம் கடைசி நான்கு விரற்கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தால், டயர் விளிம்பைத் தாண்டிவிடும். ஓரத்தின் ஒரு பகுதி பள்ளத்தை விட்டுப் படியில் ஏறிக்கொண்டால், அந்த மிச்சம் அங்கேயே செலவாகிவிடும். பிறகு பயில்வான் வந்தாலும் பயனில்லை.

இனி செய்முறை. முதலில் டயரைச் சிறிது நேரம் வெயிலில் வையுங்கள், ரப்பர் இளகும். பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ரிம் டேப்பைப் பல சுற்று ஒட்டிப் பள்ளத்தைத் தூர்த்துவிடாதீர்கள். வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் மாட்டத் தொடங்கி, வால்வு அருகே முடியுங்கள். காரணம் உண்டு. வால்வின் அடிப்பகுதி பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால், அந்த இடத்தில் டயர் ஓரம் பள்ளத்தில் இறங்க முடியாது. அங்கே தொடங்கினால் தளர்ச்சியை இழப்போம்.

ஓர் ஓரம் ஏறியபின் மற்ற ஓரத்தை ஏற்றுங்கள். கடினமாகும்போது நிறுத்துங்கள். தொடங்கிய இடத்திற்குத் திரும்பிச் சென்று, இரண்டு ஓரங்களையும் சேர்த்துக் கிள்ளிப் பள்ளத்தில் தள்ளுங்கள். இரு கைகளாலும் டயரை வால்வை நோக்கி உருவிக்கொண்டே வாருங்கள். எஞ்சிய இடத்தில் சோப்பு நீர் தடவி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். அப்பொழுதும் ஏறாவிட்டால் பிளாஸ்டிக் நெம்புகோல் போதும், இரும்பு வேண்டாம்.

எங்கள் தெருவில் கல்லூரி முதலாண்டு பயிலும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அண்ணன்மார் இருவரும் அரைமணி நேரம் போராடி, இரண்டு நெம்புகோல்களை முறித்து, "உன்னால் ஆகாது, கடைக்குக் கொடு" என்று சொல்லிவிட்டார்கள். நான் அவளுக்குக் கயிற்றுக் கணக்கை மட்டும் சொன்னேன். அவள் டயர் ஓரத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்து, "தாத்தா, இங்கே படியில் ஏறியிருக்கிறது" என்றாள். அதை இறக்கிவிட்டு, வெறுங்கையால் மாட்டி முடித்தாள். அண்ணன்மாரிடம் இல்லாத பலம் அவளிடம் இருந்ததன்று; தளர்ச்சி எங்கே போயிற்று என்று அவள் தேடினாள்.

மாட்டிய பிறகு காற்று. வால்வின் உள்ளுறுப்பைக் கழற்றிவிட்டு வேகமாக அடித்தால், டயர் ஓரம் 'டப், டப்' என்று ஒலித்துப் படியில் ஏறும். டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள உச்ச அழுத்தத்தில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. விளிம்பில் கொக்கி இல்லாத ரிம்முக்குச் சர்வதேச அளவுமுறை விதித்த வரம்பு 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பவுண்டு. மீறினால் டயர் வெடித்துக் கழலக்கூடும். ஆகவே முகத்தை அருகே வைக்காதீர்கள். டயரின் பக்கத்தில் ஓரத்தை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பார்த்தபின், காற்றை இறக்குங்கள். வால்வு வழியே சீலன்ட் என்னும் பால்போன்ற திரவத்தை ஊற்றி, உள்ளுறுப்பைப் பொருத்தி, மீண்டும் காற்றடித்துச் சுழற்றுங்கள். சிறு முள் துளையை அது தானே அடைக்கும். சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

உங்களிற் பலர் பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில் டியூப் உள்ள டயரையே ஓட்டுகிறீர்கள். அதன் ரிம்மைக் கழற்றிப் பாருங்கள்; நடுவே அதே பள்ளம் இருக்கும். அதற்கும் இதே கணக்குத்தான்.

ஒரு வேலை கைக்கு அடங்காதபோது, 'எனக்குப் பலம் போதாது' என்று சொல்லிவிடுவது எளிது. வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, பிறகு சொல்லுங்கள்.