சிறு திரையில் தெளிந்த ஓவியம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது ஹப்சிகுடா நிலையத்திற்கு 2017ஆம் ஆண்டு நவம்பர் 29 முதல் மெட்ரோ இரயில் வருகின்றது. நம்மைக் காண ஊரிலிருந்து வரும் அன்னையார் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்க அறியாதவராயின், கைப்பேசிச் செயலியில் எதனைக் கண்டு வழி தேர்வார்? படத்தைக் கண்டன்றோ! படம் மங்கினால் அவர் மயங்குவார். ஆதலின் செயலிக்குப் படம் வரைதல் அழகுத் தொழில் மட்டுமன்று, அறத்தொழிலுமாகும். அத்தொழிலை மேற்கொள்ளும் நம் இளைஞர்க்குச் சில கூற விழைகின்றேன்.

படத்தின் ஆற்றலை நம் நாடு முன்னரே கண்டது. 1951ஆம் ஆண்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழப் 18 பேரே. எனினும் 1951-52இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் காளை, குடிசை முதலிய சின்னங்களைப் பார்த்து மக்கள் வாக்களித்தனர். காண்போர் அறிந்த பொருளைக் காட்டுவதே மெய்ம்மை. 'சேமி' என்பதற்கு இன்றும் பழைய ஃப்ளாப்பித் தட்டை வரைவோர் உளர். அதனைக் கண்டறியாத சிறுவனுக்கு அது வெறுஞ் சதுரமே!

மெய்ம்மை மிகையாதலும் ஆகாது. தோலும் மரமும் போன்ற பூச்சுகளை ஆப்பிள் நிறுவனம் 2013இல் களைந்தது. ஆயினும், பொத்தான் பொத்தானாகத் தோன்றுமளவு நிழல் வேண்டும். ஒளி ஒரே திசையிலிருந்து விழவேண்டும்.

இனி, கூர்மை. 2010இலேயே ஐபோன் திரையில் அங்குலத்திற்கு 326 புள்ளிகள் அமைந்தன. சிறு படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அத்தகைய திரையில் விளிம்பு சிதையும். கோடுகளையும் வளைவுகளையும் கணித முறையில் அமைத்து வரைந்தால் எவ்வளவு பெருக்கினும் சிதையாது. சிறிய அளவில் மட்டும், கோடு இரு புள்ளிகளுக்கு இடையே விழுந்து மங்காதவாறு புள்ளி வரிசையோடு பொருத்துதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. படத்துள் எழுத்தைப் புதைத்துவிடாதீர். எழுத்து தனித்து நின்றால்தான் அது எளிதில் தமிழாக மாறும். தமிழ்ச்சொல் நீள்வது, அதற்கு இடம் விடுங்கள். இந்நகரின் உருது வலமிருந்து இடம் செல்வது. அங்கே அம்புக்குறியும் திரும்பவேண்டும்.

வரைந்த படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்ந்து அமையாதீர். கைப்பேசியில் இட்டு, நண்பகல் வெயிலில், முதியவர் ஒருவரிடம் கொடுங்கள். யாரையும் வினவாமல் அவர் விரல் உரிய இடத்தைத் தொடுமாயின், அதுவே உங்கள் கலைக்குக் கிட்டும் பரிசு.