தானே உண்ணும் நாள்

ஊர்விட்டு ஊர் வந்த முதல் நாட்களில் நம்மில் பலருக்குச் சோறு இறங்கியதில்லை. பசியின்மை அன்று, மனம் நிலைகொள்ளாமையே காரணம். பாம்புக்கும் இந்நிலை உண்டு.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவிலோ, மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பைப் பலர் வளர்க்கின்றனர். அஞ்சினால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இப்பெயர். புதிய வீட்டில் அது வாரக்கணக்கில் இரையைத் தொடாது. வளர்ப்பவர் கலங்கி, அதன் வாயைத் திறந்து இரையைத் திணிக்க முற்படுவதுண்டு. வாயில் காயமும், முன்னிலும் மிகுந்த அச்சமுமே அதனால் விளையும்.

அனுபவமுடையோர் செய்வது வேறு. உடல் ஒடுங்கும் அளவில் மறைவிடம் ஒன்று அமைப்பர். கூண்டின் ஒரு புறத்தை ஏறத்தாழ 31 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் வைப்பர். உடல் குளிர்ந்தால் செரிமானம் நடவாது. சில நாட்கள் பாம்பைத் தொடவே மாட்டார்கள். பின்னர், குளிர்பெட்டியில் உறைந்திருந்த எலியை முற்றும் இளகச்செய்து, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, இரவில் இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுவர். உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்பு, உயிருள்ள இரையென்றே பாய்ந்து பற்றும். மறுத்தால், எடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுப்பர். உடல் மெலிந்தால் மட்டும் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை நாடுவர்.

இரையை ஊட்டுவதன்று, அச்சத்தைப் போக்குவதே வளர்ப்பவர் கடமை.